மெட்டுக்கு வழக்கு, தாளத்துக்குக் கூலி

2007 தீபாவளிக்கும் அந்த வருஷக் கடைசிக்கும் நடுவில் எம்.எஸ். விஸ்வநாதனின் பழைய பாட்டுகள் வரிசையாகத் திரும்பி வந்தன. ‘அழகிய தமிழ்மகன்’ படத்துக்காக ஏ.ஆர். ரகுமான் ‘சொர்க்கம்’ (1970) படத்தின் ‘பொன்மகள் வந்தாள்’ பாட்டை எடுத்துக்கொண்டார். அதே தீபாவளிக்கு வந்த ‘பொல்லாதவன்’ படத்தில் ‘நினைத்தாலே இனிக்கும்’ (1979) தந்த ‘எங்கேயும் எப்போதும்’ ஒலித்தது. டிசம்பரில் வந்த ‘பில்லா’வில் 1980-இன் ‘பில்லா’விலிருந்து ‘மை நேம் இஸ் பில்லா’, ‘வெத்தலையப் போட்டேண்டி’ இரண்டையும் யுவன் சங்கர் ராஜா புதுப்பித்தார். ரீமிக்ஸ் என்ற சொல் அதற்குள் டீக்கடைப் பேச்சில் கலந்துவிட்டிருந்தது. தமிழ் சினிமாவில் இதைத் தொடங்கிவைத்த பெருமையும் யுவனுக்கே பொதுவாகத் தரப்படுகிறது: 2003-இல் ‘குறும்பு’ படத்துக்காக, தன் தந்தை இளையராஜா ‘அடுத்த வாரிசு’ (1983) படத்தில் அமைத்த ‘ஆசை நூறுவகை’ பாட்டை அவர் மறுபடி இசைத்தார். பழைய பாட்டைக் கெடுக்கிறார்கள் என்று ஒரு தரப்பும், பழைய பாட்டை இளைஞர்களிடம் கொண்டு சேர்க்கிறார்கள் என்று மறு தரப்பும் அப்போது பேசத் தொடங்கின. இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றன.

இந்தச் சண்டைக்குத் திண்டுக்கல் ஒரு மேடையே போட்டுக் கொடுத்திருக்கிறது. திண்டுக்கல் ஐ. லியோனி நடுவராக அமர்ந்த பட்டிமன்றங்களில் பழைய பாட்டா புதிய பாட்டா என்பது திரும்பத் திரும்ப வந்த பொருள். ஒலிநாடாவாகவும் தொலைக்காட்சி நிகழ்ச்சியாகவும் அவை தமிழ்நாடு முழுக்கப் போயின. பேச்சாளர் ஒரு பழைய பாட்டின் நாலு அடியைப் பாடிக் காட்டுவார், எதிரணியிலிருந்து ஒரு புதிய பாட்டு வரும், கூட்டம் இரண்டுக்கும் கைதட்டும். ரசமான வடிவம்தான். ஆனால் அந்த வடிவத்துக்குள்ளேயே ஒரு சாய்வு இருக்கிறது. வாத்தியம் இல்லாமல் ஒரு மனிதர் மைக் முன் பாடும்போது பாட்டில் மிஞ்சுவது மெட்டும் சொல்லும் மட்டும்தான். தாளம் கைதட்டலோடு கரைந்துவிடுகிறது. பழைய பாட்டின் நடன வடிவத்தைப் பற்றிய நம் விவாதம் முழுவதிலும் இந்தச் சாய்வு உண்டு. எதிர்ப்பவர்கள் மெட்டைக் கெடுத்துவிட்டதாகச் சொல்கிறார்கள்; ஆதரிப்பவர்கள் மெட்டை வாழவைப்பதாகச் சொல்கிறார்கள்; வழக்குப் போடுகிறவர்கள் மெட்டுக்கு உரிமை கேட்கிறார்கள். உண்மையில் மாறுவது தாளம். ஆட வைப்பதும் அதுவே. ரசனைத் தீர்ப்பையும் சட்டத் தீர்ப்பையும் அங்கிருந்து தொடங்கினால் வேறு முடிவுகள் கிடைக்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2007-இன் பாட்டுகளையே எடுத்துக்கொள்ளலாம். அவற்றில் எதுவும் அமைதியான தாலாட்டோ சோகப் பாட்டோ அல்ல. ‘பொன்மகள் வந்தாள்’ பிறந்தபோதே மேற்கத்திய வாத்தியங்கள் முழங்க சிவாஜி ஆடிப் பாடிய பாட்டு. ‘நினைத்தாலே இனிக்கும்’ படமே சிங்கப்பூருக்குக் கச்சேரி செய்யப் போகும் ஒரு பாப் இசைக்குழுவின் கதை. 1980-இன் ‘பில்லா’ இந்தி ‘டான்’ (1978) படத்தின் மறுஆக்கம். வெற்றிலைப் பாட்டுக்கும் அங்கே ஒரு மூத்த அண்ணன் உண்டு. அதாவது ‘அசல்’ என்று நாம் கையெடுத்துக் கும்பிடுகிற பாட்டுகளே தங்கள் காலத்து நடனக் கூடத்துக்காகச் செய்யப்பட்டவை. ‘பொல்லாதவ’னில் எஸ்.பி. பாலசுப்ரமணியமே இருபத்தெட்டு வருஷம் கழித்து அதே பாட்டைப் பாடுகிறார். பக்கத்தில் மலேசியத் தமிழர் யோகி பி ராப் சொல்கிறார். குரல் அதேதான், மெட்டும் அதேதான். பாட்டு வேறு காலத்துக்கு நகர்ந்திருக்கிறது என்றால் அதை நகர்த்தியது அடியில் ஓடும் கிக் டிரம்மும் ராப்பின் சொற்கட்டும். ஆடுவதற்கென்று பிறந்த பாட்டையே மறுபடி ஆட எடுக்கிறார்கள் என்பது தற்செயல் அல்ல. பழைய தாளம் இன்றைய காலுக்குப் பழகிப்போனதும் அதன் இடத்தில் புதிய தாளத்தை வைக்கிறார்கள், அவ்வளவுதான்.

எதிர்ச்சான்று ஒன்று உண்டு; அதையும் பார்த்துவிட வேண்டும். ‘நியூ’ (2004) படத்தில் ரகுமான் ‘படகோட்டி’ (1964) படத்துக்கு வாலி எழுதிய ‘தொட்டால் பூ மலரும்’ பாட்டின் சொற்களை வைத்துக்கொண்டு இசையைப் புதிதாக அமைத்தார். விஸ்வநாதன்–ராமமூர்த்தியின் மெட்டு அங்கே இல்லை. ஆனால் அது மறுபடைப்பு. பழைய சொல்லுக்குப் புதிய பாட்டு. நாம் பேசுகிற வகை அது அல்ல என்பதைக் காதே சொல்லிவிடும். வெளிநாட்டிலும் இந்த வகைக்கு இலக்கணம் இதுதான். ஷாக்கிங் ப்ளூ என்ற டச்சுக் குழு 1969-இல் வெளியிட்ட ‘வீனஸ்’ பாட்டை 1986-இல் பனனராமா என்ற லண்டன் பெண்கள் குழு மறுபடி பாடியது. இரண்டு வடிவமும் அமெரிக்க விற்பனை வரிசையில் முதலிடம் பிடித்தன. மெட்டும் சொல்லும் மாறவில்லை. கிட்டார் முன்னே நின்ற இடத்தில் மின்னணு டிரம்மும் சிந்தசைஸரும் வந்து நின்றன. ஒரு ராக் பாட்டு டிஸ்கோவுக்குள் நுழைந்தது.

இதையெல்லாம் சினிமாவோ லண்டன் ஒலிப்பதிவுக் கூடமோ கண்டுபிடித்ததாக எண்ணினால் திண்டுக்கல் சமவெளி சிரிக்கும். நத்தம், சாணார்பட்டி, வேடசந்தூர், நிலக்கோட்டை வட்டாரங்களில் மாசி தொடங்கி ஆடி வரைக்கும் ஏதாவது ஓர் ஊரில் காப்புக் கட்டியிருப்பார்கள். முளைப்பாரிக்கும் கரகத்துக்கும் நையாண்டி மேளம் வரும்: நாகசுரம், தவில், பம்பை, தமுக்கு. பழைய சினிமாப் பாட்டு அந்தச் செட்டின் கையில் என்ன ஆகிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். நாகசுரம் பல்லவியை மட்டும் எடுக்கும். சொல் கிடையாது, கூட்டத்துக்குச் சொல் மனப்பாடம். முதல் தடவை பாட்டு அடையாளம் தெரிகிற வேகத்தில் வரும். வலக்கை விரல்களில் கூடும் இடக்கையில் கழியுமாகத் தவில்காரர் அதுவரை அடக்கி வாசிப்பார். இரண்டாவது தடவை பம்பை உள்ளே நுழைந்ததும் அடி மாறும். சீராக நாலாய் நடந்துகொண்டிருந்த பாட்டு மூன்றின் மடங்குக்குத் தாவும். தெம்மாங்கும் கும்மியும் பெரும்பாலும் நடக்கிற நடை அது. ஊர்க் கால்களுக்குத் தெரிந்த நடை. சரணம் பெரும்பாலும் வராது. சரணம் இருக்க வேண்டிய இடத்தில் தவிலும் பம்பையும் மாறி மாறி அடித்துக்கொள்ளும். கரகம் வைத்தவர் அந்த இடத்துக்காகத்தான் காத்திருப்பார். கடைசியில் பல்லவி மறுபடி வரும்போது அது யார் அமைத்த மெட்டு என்ற கேள்வி யாருக்கும் எழாது. இதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது: பல்லவியின் முகத்தைச் சிதைக்கக் கூடாது, அதற்குக் கீழே எதை வேண்டுமானாலும் மாற்றலாம். 2007-இன் சினிமா ரீமிக்ஸ்களில் நின்றவை எவை, ஒரு வாரத்தில் மறந்தவை எவை என்று பார்த்தால் இந்த ஒழுங்கு அங்கேயும் செல்லுபடியாவதாகவே எனக்குத் தோன்றுகிறது. பல்லவிக்கு நடுவில் பேச்சையும் விசிலையும் வெட்டிச் செருகியவை நிற்கவில்லை. ‘மை நேம் இஸ் பில்லா’ நின்றது.

கொடுக்கல் வாங்கல் ஒரே திசையில் நடந்ததும் இல்லை. ‘கரகாட்டக்காரன்’ (1989) படத்தில் இளையராஜாவும் கங்கை அமரனும் நையாண்டி மேளத்தின் உலகத்தையே திரைக்கு எடுத்துக்கொண்டார்கள். ‘மாங்குயிலே பூங்குயிலே’ அங்கிருந்து நையாண்டி மேளத்துக்கே திரும்பி வந்து அவர்களின் கட்டாயப் பாட்டாகிவிட்டது. தைப்பூசத்துக்கு நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு நடக்கிற கூட்டத்தோடு வரும் வண்டிகளில் முருகன் பாட்டுகள் சினிமா மெட்டில் ஒலிப்பதையும் இதோடு சேர்க்க வேண்டும். அதற்கும் முன்னால், பெரிய எழுத்துப் பாட்டுப் புத்தகங்களில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்று அச்சடித்திருப்பார்கள். மெட்டு பலர் ஏறி இறங்கும் பொது வண்டியாகவே இருந்திருக்கிறது. இன்றைய ஆடல் பாடல் மேடை இதன் அடுத்த கட்டம். எம்.ஜி.ஆர்., சிவாஜி, ரஜினி, விஜயகாந்த் வேஷத்தில் ஆடுகிறவர்கள், பென் டிரைவிலிருந்து ஓடும் டிராக், அதன் மேல் கூடுதல் அடி போடும் பேட் வாசிப்பவர். சினிமா ரீமிக்ஸுக்கும் இதற்கும் தொழில்நுட்பத்தில் பெரிய தூரம் இல்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். திருவிழாவில் வாசிப்பது அன்றோடு காற்றில் போய்விடுகிறது. சினிமாவில் செய்வது பதிவாகி, விற்கப்பட்டு, யாருக்கோ வருமானம் ஆகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா? வைக்கக் கூடாது என்பதில் சட்டத்துக்கும் சந்தேகம் இல்லை. 1957-இன் பதிப்புரிமைச் சட்டம், 52(1)(இசட்ஏ) பிரிவில், உண்மையான சமயச் சடங்கின்போது ஒரு பாட்டை இசைப்பதோ ஒலிபரப்புவதோ உரிமை மீறல் ஆகாது என்கிறது. கல்யாண ஊர்வலத்தையும் அதில் சேர்க்கிறது. முளைப்பாரி ஊர்வலத்தில் நாகசுரம் எந்தச் சினிமா மெட்டையும் அச்சமின்றி எடுக்கலாம். அதே கோயில் திடலில் இரவு நடக்கும் ஆடல் பாடல் சமயச் சடங்கா என்பது வாதத்துக்குரியது. பதிவு செய்து விற்பதற்கு வேறு விதி. 2012 திருத்தத்தில் வந்த 31சி பிரிவின்படி, ஒரு பாட்டு முதலில் பதிவான ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்தபின் யார் வேண்டுமானாலும் அதை மறுபடி பாடிப் பதிவு செய்யலாம். உரிமையாளருக்கு முன்கூட்டித் தகவல் சொல்லி, ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான தொகையைக் கட்டிவிட வேண்டும். தாராளமான ஏற்பாடுதான். ஆனால் ஒரு பூட்டும் இருக்கிறது: உரிமையாளர் ஏற்கெனவே செய்யாத அல்லது சம்மதிக்காத எந்த மாற்றத்தையும், தொழில்நுட்பத் தேவைக்கு அப்பால், பாட்டில் செய்யக் கூடாது. அமெரிக்கச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு இதே கட்டாய உரிமத்தைத் தரும்போது, பாடுகிறவரின் பாணிக்கு ஏற்ப இசைக்கோவையை மாற்றிக்கொள்ள இடம் கொடுக்கிறது. அடிப்படை மெட்டையும் பாட்டின் ஆதார குணத்தையும் மாற்றக் கூடாது என்பதே நிபந்தனை. பம்பைக்காரரின் ஒழுங்கும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஒழுங்கும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பது வேடிக்கை. நம் சட்டத்தில்தான் தாளத்தை மாற்றுவதும் மெட்டை மாற்றுவதும் ஒரே குற்றம்போலத் தெரிகிறது. ஆகவே நடன வடிவம் எதுவானாலும் உரிமையாளரின் வாசலில் போய் நின்றாக வேண்டும்.

அந்த வாசலில் நடக்கிற சண்டைகள் நாம் அறிந்தவையே. 2017-இல் மேடைக் கச்சேரியில் தன் பாட்டுகளைப் பாடுவதற்காக எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கே இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பியது. 2024-இல் ‘கூலி’ பட முன்னோட்டத்தில் ‘தங்கமகன்’ (1983) படத்தின் ‘வா வா பக்கம் வா’ இசை வந்தபோது இன்னொரு நோட்டீஸ். 2025-இல் ‘குட் பேட் அக்லி’ படத்தில் ‘ஒத்த ரூபாயும் தாரேன்’ உள்ளிட்ட மூன்று பாட்டுகள் வந்ததற்கு வழக்குப் போட, சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இளையராஜாவைப் பேராசைக்காரர் என்று ஏசுவது எளிது; எனக்கு அது நியாயமாகப் படவில்லை. 1977-இல் உச்ச நீதிமன்றம், சினிமாவுக்காகக் கூலி பெற்று எழுதிய பாட்டிலும் அமைத்த இசையிலும் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், தயாரிப்பாளருக்கே என்று தீர்ப்புச் சொன்னது. அதன் விளைவுகளை 2012 திருத்தம் சரிசெய்யும்வரை கவிஞர்களும் இசையமைப்பாளர்களும் வெறுங்கையோடு நின்ற வரலாறு நீண்டது. விட்டதைப் பிடிக்க வருகிறவர் குரலை உயர்த்தத்தான் செய்வார். என் கேள்வி வேறு. இந்தச் சண்டையில் இரண்டு தரப்பு மட்டுமே தெரிகிறது: பழைய மெட்டின் சொந்தக்காரர், புதிய படத்தின் சொந்தக்காரர். பாட்டை ஆட வைத்த அடி எங்கே?

அந்த அடி சட்டத்தின் கண்ணில் ஆரம்பத்திலிருந்தே படவில்லை. 1957-இல் சட்டம் எழுதியபோது இசைப் படைப்பு என்பதற்குத் தந்த வரையறை மெட்டும் ஒத்திசைவும் சேர்ந்தது, அல்லது இரண்டில் ஒன்று, அதுவும் காகிதத்தில் எழுதப்பட்டது என்பதாகும். தாளம் என்ற சொல்லே அதில் இல்லை. ஐரோப்பிய இசைத்தாளை மனத்தில் வைத்து எழுதிய வரையறை. தவில்காரரின் கணக்கை அது எண்ணிப் பார்த்திருக்க நியாயம் இல்லை. 1994 திருத்தம் வரையறையை அகலப்படுத்தி, இசையைக் கொண்ட படைப்பு என்று பொதுவாகச் சொன்னது. எழுத்து அகன்றாலும் பழக்கம் அகலவில்லை. இன்றும் ஒரு பாட்டு இன்னொன்றின் நகலா என்று பார்க்கும்போது முதலில் ஒப்பிடுவது மெட்டைத்தான்.

தாளத்தைப் பார்க்காமல் விடுவதற்குச் சட்டத்துக்கு வெளியிலும் ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் இந்த வட்டாரத்தைப் பற்றி எழுத முடியாது. பழைய பாட்டுக்குக் குத்து ஏற்றினார்கள் என்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்தக் குத்தின் பெரும் பகுதி பறையிலிருந்தும் பம்பையிலிருந்தும் வந்தது. பறையடித்தவர்கள் யார், எந்தத் தெருவில் வாழ்ந்தார்கள், சாவுக்கும் சாமிக்கும் அவர்களை எப்படி அழைத்தார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். கூலியாக நெல்லும் வேட்டியும் வாங்கியவரைக் கலைஞர் என்று நினைக்காத சமூகம், அவரது அடியைப் படைப்பு என்று நினைக்காததில் ஆச்சரியம் இல்லை. திண்டுக்கல்லில் இயங்கும் சக்தி நாட்டுப்புறக் கலை மையம் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தலித் பெண்களுக்குப் பறையும் ஆட்டமும் பயிற்றுவிக்கிறது. அமெரிக்க இசையியலாளர் ஜோயி ஷெரினியன் இவர்களைப் பற்றி ஓர் ஆவணப்படமே எடுத்திருக்கிறார். மேடையில் இந்தப் பெண்கள் ஒவ்வோர் அடியையும் பேர் சொல்லி, எண்ணி, வரிசைப்படுத்தி வாசிக்கிறார்கள். சத்தம் என்று ஒதுக்கப்பட்டதற்குள் இலக்கணம் இருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

தாளம் பொதுச் சொத்து, அதற்குப் பட்டா போட்டால் நாளைக்கு யாருமே கொட்ட முடியாது என்று ஒருவர் சொல்லலாம். முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ஒரு நடைக்கோ ஓர் அடிக்கோ சொந்தக்காரரை உண்டாக்குவது நையாண்டி மேளத்துக்கே எமனாகும். அதை முதலில் வளைத்துப் போடுகிறவர் பம்பைக்காரராக இருக்க மாட்டார், ஒலிநாடா நிறுவனமாகவே இருப்பார். நான் கேட்பது அடிக்கு உரிமை அல்ல, அடித்தவருக்கு. அதற்குச் சட்டத்தில் இடம் ஏற்கெனவே இருக்கிறது. நிகழ்த்துநர் என்பதற்குத் தரப்பட்ட வரையறையில் பாடகர், வாத்தியக்காரர், ஆட்டக்காரர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி வரை வருகிறார்கள். பாம்பாட்டிக்கு உள்ள இடம் பம்பைக்காரருக்கு இல்லாமல் போகாது. 2012 திருத்தம், பதிவான நிகழ்த்துதல் வணிகத்துக்குப் பயன்பட்டால் நிகழ்த்தியவருக்குப் பங்கு உண்டு என்றும், 38பி பிரிவில் அவர் பெயர் சொல்லப்படும் உரிமை உண்டு என்றும் எழுதியிருக்கிறது. பாடகர்கள் இதைப் பிடித்துக்கொண்டு 2013-இல் தங்களுக்கென ஓர் உரிமைச் சங்கம் அமைத்தார்கள். வாத்தியக்காரர்களுக்கு அதன் கதவு பின்னால்தான் திறந்தது. ஊர் ஊராகக் கொட்டுகிறவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே எட்டவில்லை.

இன்னோர் ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது. இன்றைய நடன வடிவத்தில் மனிதர் எங்கே அடிக்கிறார்? பறையின் ஒலியை ஒரு முறை பதிவு செய்து பொட்டலமாக விற்கிறார்கள். இசையமைப்பாளர் கணினியில் அதை அடுக்குகிறார். ஆடல் பாடல் மேடையில் பேட்டைத் தட்டினால் தவில் ஒலிக்கிறது. பங்கு யாருக்குக் கொடுப்பது? இது உண்மையான சிக்கல். முழு விடை என்னிடம் இல்லை. ஆனால் பொட்டலத்துக்குள் இருக்கும் அந்த முதல் அடியை ஒரு கை அடித்தது. ஒரு நாள் சம்பளத்துக்கு அடித்தது. மெட்டு ஒரு தடவை அமைந்து பல தடவை பயன்படும்போது ஒவ்வொரு தடவைக்கும் பணம் கேட்பது நியாயம் என்றால், ஒரு தடவை அடித்து ஆயிரம் பாட்டில் ஒலிக்கும் அடிக்கும் அதே நியாயம் பொருந்தும். கணினி வந்ததால் அந்த வாதம் வலுக்கிறதே தவிர இளைக்கவில்லை. சரக்கு இல்லாதவர்கள் பழசைத் தோண்டுகிறார்கள் என்ற பழைய வசைக்கு நீண்ட பதில் தேவையில்லை. ரகுமானும் யுவனும் மெட்டுப் பஞ்சத்தில் இருந்த ஆண்டல்ல 2007.

ஆடல் பாடல் நிகழ்ச்சிக்குக் காவல்துறை அனுமதி மறுத்தால் திண்டுக்கல்காரர்கள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகிறார்கள். ஆபாசம் கூடாது, சாதிப் பாட்டு கூடாது, இன்ன நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று நீதிமன்றம் நிபந்தனை போட்டு அனுமதி தருகிறது. மேடையில் என்ன நடக்கக் கூடாது என்பதை ஒவ்வொரு முறையும் எழுதுகிறோம். மேடையில் வாசிப்பவர் யார் என்பதை எழுதுவதில்லை. விழா நோட்டீஸிலும் உபயதாரர் பெயர் தடித்த எழுத்தில் இருக்கும், செட்டின் தலைவர் பெயர் இருக்கும், பிறகு ‘குழுவினர்’ என்று ஒரே சொல்லில் பத்துப் பேர் அடங்கிவிடுவார்கள். ஒலிப்பதிவு நிறுவனங்களும் இந்த விஷயத்தில் நோட்டீஸ் அடிக்கிற அச்சகத்தைத் தாண்டவில்லை. பதிவை விற்கும்போது எதையெல்லாம் அச்சிட வேண்டும் என்று 52ஏ பிரிவு பட்டியல் போடுகிறது: தயாரித்தவரின் பெயரும் முகவரியும், பதிப்புரிமையாளரின் பெயரும் முகவரியும், முதலில் வெளியான ஆண்டும். வாசித்தவர்களின் பெயர் அதில் இல்லை. 38பி தருகிற உரிமை 52ஏ-யின் பட்டியலுக்கு வந்து சேரவில்லை. 31சி பிரிவின் பூட்டைத் தளர்த்தி, மெட்டைத் தொடாமல் தாளத்தை மாற்ற இடம் கொடுப்பதும், 52ஏ பிரிவில் நிகழ்த்தியவர்களின் பெயரைச் சேர்ப்பதும் ஒரே திருத்த மசோதாவில் முடிகிற வேலை. முதலாவது மட்டும் நடந்தால் லாபம் நிறுவனங்களுக்கு. இரண்டாவதும் சேர்ந்தால்தான் நத்தத்துத் தவில்காரர் தன் பங்கைக் கேட்கக் கையில் ஒரு காகிதமாவது இருக்கும்.